மேஜர் ஜைடியின் விரலும் இராணுவத்தின் நடுநிலைமையும்

2013 ஏப்ரல் 30-ஆம் நாள். நாட்டின் 13-ஆவது பொதுத்தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னதாக இராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் முன்கூட்டிய வாக்களிப்பு நடந்தது. மலேசியப் பொதுத்தேர்தல் வரலாற்றில் முதன்முறையாக வாக்காளரின் விரலில் அழியா மை தடவப்பட்டதும் அன்றுதான். அரச மலேசிய விமானப்படையின் போர் விமானி மேஜர் ஜைடி அகமட் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று வாக்களித்தார். வீட்டுக்குப் போனார். கை கழுவினார். மை போய்விட்டது.

அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? மனைவியிடம் சொல்லிச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இன்னும் ஐந்து நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இதே மையை நம்பி வாக்களிக்கப் போகிறார்களே என்று அவர் கவலைப்பட்டார். போலீஸில் புகார் செய்தார். பத்திரிகையாளர்களிடமும் நடந்ததைச் சொன்னார். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. எந்தத் தலைவரையும் திட்டவில்லை. “அழியா மை அழிகிறது” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அவருக்குக் கிடைத்தது இராணுவ நீதிமன்றம். அனுமதியின்றி ஊடகங்களிடம் பேசினார் என்பதே குற்றச்சாட்டின் சாரம். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2015 ஜனவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இதற்கு நடுவில், 2013 ஜூன் மாதமே, அந்த மையில் இரசாயனம் ஏதும் கலக்கப்படவில்லை, உணவுக்குச் சேர்க்கும் சாயம்தான் இருந்தது என்று பிரதமர்துறை அமைச்சராக இருந்த ஷாஹிடான் காசிம் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். சுகாதாரக் காரணம் என்று ஒரு சமாதானமும் சொன்னார்கள். ஆக, மேஜர் சொன்னது உண்மை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னவர் வேலை இழந்தார். கேசரிக்குப் போடும் சாயத்தை அழியா மை என்று மக்கள் விரலில் தடவியதற்காக யார் வேலை இழந்தார் என்று தேடிப் பார்த்தால் ஒருவரும் தென்படவில்லை.

மேஜர் ஜைடி மலாய்க்காரர். முஸ்லிம். அவருடைய வழக்கு நம்மவர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தத் தேர்தல் காலத்தில் நம் சாப்பாட்டுக் கடைகளில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நமக்கு நம் பிரச்சனைகளே தலைக்குமேல் இருந்தன. ஆனால், இராணுவம் எந்தப் பக்கம் நிற்கிறது, அதற்குள் இருப்பவன் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற கேள்வி சிறுபான்மை மக்களுக்குத்தான் மற்ற எவரையும்விட முக்கியமானது. ஏன் என்று சொல்கிறேன்.

பிஜித் தீவுக்குப் போவோம். நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாடு. 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அங்கே போனார்கள். 1926-இல் அவர்கள் நாடி நகரில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றைக்கும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. 1987 ஏப்ரலில் அந்நாட்டில் நடந்த தேர்தலில், இந்தியர்களின் ஆதரவு பெற்ற கூட்டணி முதன்முறையாக ஆட்சியைப் பிடித்தது. பிரதமராக வந்த திமோசி பவாத்ரா பிஜியின் பூர்வகுடியைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் “இது இந்தியர் அரசாங்கம்” என்று கூச்சல் கிளப்பினார்கள். மே 14-ஆம் நாள் முகமூடி அணிந்த சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து பிரதமரையும் உறுப்பினர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த அரசாங்கம் ஒரு மாதம்தான் உயிரோடு இருந்தது.

அதற்குத் தலைமை தாங்கியவர் சிதிவேனி ரபுக்கா என்ற லெப்டினன் கர்னல். ஏறக்குறைய முழுவதும் ஒரே இனத்தவரால் நிரம்பிய இராணுவம் அது. நாட்டின் மக்கள் தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர். இராணுவத்திலோ அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு பிஜி இந்தியர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் பெட்டி படுக்கையோடு கிளம்பினார்கள். 2007 கணக்கெடுப்பில் அவர்களின் பங்கு சுமார் 37 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அதே ரபுக்கா பின்னர் தேர்தலில் நின்று பிரதமரானார், 2022 டிசம்பரில் மீண்டும் பிரதமரானார், 2023 மே மாதம் 1987-இல் செய்ததற்காக இந்தியர்களிடம் மன்னிப்பும் கேட்டார். மன்னிப்புக் கேட்டது நல்லதுதான். போனவர்கள் போனவர்கள்தானே.

அதனால்தான் சொல்கிறேன்: இராணுவத்தினர் அரசியல் பேசுவதற்கு வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு ஆசிரியர் ஒரு கட்சியை ஆதரித்துப் பேசுவதும், துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரு கட்சியை ஆதரித்துப் பேசுவதும் ஒன்றல்ல. தளபதி மேடையேறி “இந்தக் கட்சி வந்தால் நாடு கெடும்” என்று சொன்னால், அதைக் கருத்து என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? எச்சரிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் முதலில் நடுங்குவார்கள். நமக்கும் 1969 மே 13 இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் 196 உயிர்கள். அந்த நாட்களில் தெருவில் இறக்கப்பட்ட படைகள் எல்லா இனத்தவரையும் ஒன்றாக நடத்தினவா என்ற கேள்வி இன்றுவரை முழுமையாக விசாரிக்கப்படவில்லை.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதி எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை தருகிறது. அதே விதி நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அதற்கு வரம்பு போடும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் தருகிறது. ஆயுதப்படையின் தலைமைத் தளபதி மாமன்னர். இதன் பொருளை நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். எந்தக் கட்சியின் தலைவரும் தலைமைத் தளபதி அல்ல. சிப்பாயின் விசுவாசம் மாமன்னருக்கும் நாட்டுக்கும் உரியது. கட்சிகளுக்கு அப்பாற்பட்ட ஒருவரிடம் அந்த விசுவாசத்தை ஒப்படைத்திருப்பதே நடுநிலைமைக்காகத்தான்.

எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நடைமுறை எப்படி?

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற சார்ஜன் ஒருவர் இருக்கிறார். தமிழர். இருபது வருடங்களுக்கு மேல் சேவை செய்தவர். பழைய அஞ்சல் வாக்கு முறையைப் பற்றி ஒருமுறை அவரிடம் கேட்டேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அப்பெல்லாம் ஓட்டுச்சீட்ட நாம எங்க தம்பி தனியா உக்காந்து போட்டோம்? மேசைமேல இருக்கும், அதிகாரி நிப்பாரு, கையெழுத்து போடு, போ. அவ்வளவுதான்.” எந்த முகாம், எந்த ஆண்டு என்று அவரும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர். ஓய்வு பெற்றும் அவருக்குக் குரல் தாழ்ந்துதான் வருகிறது.

இது ஒருவர் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2011-இல் முன்னாள் இராணுவத்தினர் சிலர் வெளிப்படையாக முன்வந்து, மேலதிகாரிகளின் உத்தரவின்பேரில் மற்றவர்களுடைய அஞ்சல் வாக்குச்சீட்டுகளில் தாங்களே குறியிட்டதாகக் கூறினார்கள். ஆயுதப்படை அதை மறுத்தது. 2007 நவம்பர் 10-ஆம் நாள் கோலாலம்பூரில் பெர்சே பேரணி நடந்தபோது அதன் கோரிக்கைகளில் அஞ்சல் வாக்கு முறையும் இருந்தது, அழியா மையும் இருந்தது. மறு ஆண்டு மார்ச் 8 தேர்தலுக்கு இந்தியாவிலிருந்து மை வாங்கி வைத்துவிட்டு, வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது தேர்தல் ஆணையம் அதைக் கைவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றை மறுத்தார்கள், பிறகு கொடுத்தார்கள், கொடுத்ததும் கழுவினால் போகிற மாதிரிக் கொடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஓர் இராணுவ அதிகாரி என்பது விதியின் விளையாட்டு.

2013-லிருந்து முகாம்களில் அஞ்சல் வாக்குக்குப் பதிலாக முன்கூட்டிய வாக்களிப்பு வந்தது. பெட்டி, மறைவிடம், வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் எல்லாம் உண்டு. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. பெட்டிகள் வாக்களிப்பு நாள்வரை போலீஸ் நிலையத்தில் பூட்டி வைக்கப்படுகின்றன. ஆனால் எண்ணும்போது முன்கூட்டிய வாக்குகள் தனிச் சாலுரானாக எண்ணப்பட்டு, தனியாகவே பதிவாகின்றன. ஒரு தொகுதியில் ஒரே ஒரு முகாம் இருந்தால், அந்த முகாம் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்குப் போட்டது என்று மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். தனி மனிதரின் வாக்கு இரகசியம். முகாமின் வாக்கு இரகசியமில்லை. தன் முகாமில் வாக்கு “தவறாக” விழுந்தால் தன் பதவி உயர்வு என்ன ஆகும் என்று ஒரு தளபதி கவலைப்பட்டால், அந்தக் கவலை கீழே இருக்கும் சிப்பாய்க்கு எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2022 பொதுத்தேர்தலில் இராணுவத்தினரும் அவர்களின் துணைவர்களுமாக 146,737 பேர் முன்கூட்டியே வாக்களிக்கும் பட்டியலில் இருந்தார்கள். சில தொகுதிகளின் முடிவையே மாற்றக்கூடிய எண்ணிக்கை இது. முன்கூட்டிய வாக்குகளைத் தொகுதியின் மற்ற வாக்குகளோடு கலந்து எண்ணினால் என்ன குடிமுழுகிப் போகும்?

சிகாமட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொகுதி. மஇகாவின் டாக்டர் சுப்ரமணியம் 2013-இல் அங்கே 1,217 வாக்குப் பெரும்பான்மையில் தப்பிப் பிழைத்தார். 2017-இல் என்ன நடந்தது? இன்னும் கட்டி முடிக்காத ஓர் இராணுவ முகாமின் பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாக்காளர்களை அத்தொகுதிக்கு மாற்றுகிறார்கள் என்று எதிர்க்கட்சியினர் ஆட்சேபம் எழுப்பினர். அந்தச் சிப்பாய்களை யாராவது கேட்டார்களா? பிறந்த ஊர் ஒன்று, வேலை செய்யும் ஊர் ஒன்று, வாக்களிக்கும் ஊர் இன்னொன்று. சதுரங்கக் காயை நகர்த்துவதுபோல அவர்களை நகர்த்துகிறார்கள். 2018-இல் சுப்ரமணியம் தோற்றார் என்பது வேறு கதை. காய் நகர்த்தினால் ஆட்டம் எப்போதும் கைகூடுவதில்லை. ஆனால் நடுநிலைமை என்று சிப்பாய்க்குப் பாடம் நடத்துகிறவர்கள், அந்தச் சிப்பாயின் வாக்கை வைத்துக் கணக்குப் போடுவதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு காட்சி. 2012 மே மாதம் பெர்சே தலைவர் டத்தோ அம்பிகா சீனிவாசன் வீட்டெதிரே முன்னாள் இராணுவத்தினர் சிலர் திரண்டு, பின்புறத்தைக் காட்டி உடற்பயிற்சி செய்தார்கள். நாடே பார்த்தது. ஒரு பெண்மணி, நாட்டின் வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர், தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். அவர்கள் ஓய்வு பெற்றவர்கள், குடிமக்கள், எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று வாதிடலாம். பேசட்டுமே! ஆனால் “முன்னாள் இராணுவத்தினர்” என்ற அடையாளத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, ஒரு சிறுபான்மை இனப் பெண்ணின் வாசலில் நின்று அதைச் செய்தபோது, இராணுவத்தின் மானம் போகிறதே என்று சீறியவர்கள் எத்தனை பேர்? மேஜர் ஜைடி மையைப் பற்றிப் பேசியது கட்டுப்பாட்டுக்கு விரோதம் என்றால், இதற்கு என்ன பெயர்?

நியாயமாகப் பார்த்தால் ஓய்வு பெற்றவர்கள் அரசியலுக்கு வருவதில் தவறில்லை. 2013-இல் லுமுட் தொகுதியில் ஓய்வு பெற்ற கடற்படை அட்மிரல் இம்ரான் அப்துல் ஹமிட் பிகேஆர் வேட்பாளராக நின்று, போக்குவரத்து அமைச்சராக இருந்த கோங் சோ ஹாவைத் தோற்கடித்தார். கடற்படைத் தளம் இருக்கும் ஊர் அது. ஆளுங்கட்சிக்குத்தான் சீருடைக்காரர்கள் சொந்தம் என்ற நினைப்புக்கு அது நல்ல அடி.

தெப்ராவுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நிலைமை இன்னும் நயமானது. அங்கே பணியிலிருக்கும் இராணுவ அதிகாரி கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது. ஆனால் 2011 மார்ச் வரை தரைப்படைத் தளபதியாக இருந்த சான் சுன் சிங், மே மாதத் தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வேட்பாளர். 2015 ஆகஸ்டு வரை முப்படைகளின் தலைவராக இருந்த இங் சீ மெங், செப்டம்பர் தேர்தலில் அதே கட்சியின் வேட்பாளர். 2025-லும் தரைப்படைத் தளபதி டேவிட் நியோ மார்ச்சில் விலகி மே மாதத் தேர்தலில் அதே வெள்ளைச் சட்டையோடு வந்தார். பச்சைச் சட்டையைக் கழற்றியதற்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டதற்கும் நடுவே சலவைக்குப் போட்டு எடுக்கும் நேரம்கூட இல்லை. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் நேற்றுவரை நடுநிலையாக இருந்த மனிதருக்கு இன்று காலையில் திடீரென்று கட்சிப் பற்று பிறந்தது என்று நம்பச் சொல்கிறார்கள். தளபதிகள் எல்லாரும் போகிற வழி ஒன்றே என்று தெரிந்தால், அவர்களுக்குக் கீழே இருக்கும் அதிகாரிகள் எதிர்க்கட்சியினரை எப்படிப் பார்ப்பார்கள்? பதவி விலகுவதற்கும் வேட்பாளராவதற்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன? இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும்.

அதே சிங்கப்பூரில் 1987-இல், அன்று அமைச்சராக இருந்த லீ சியன் லூங், இராணுவத்தின் சில பிரிவுகளில் மலாய்க்காரர்களை ஏன் வைப்பதில்லை என்று விளக்கினார். நாட்டுக்குச் செய்யும் கடமையும் சமய உணர்வும் மோதிக்கொள்ளக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம். யோசித்துப் பாருங்கள். பெரும்பான்மை இனத்தவர் தளபதி பதவியிலிருந்து நேரே ஆளுங்கட்சிக்குப் போகலாம். அவருடைய நடுநிலைமையை யாரும் சந்தேகிக்கவில்லை. சிறுபான்மை இனத்துச் சிப்பாய் வாயே திறக்கவில்லை. ஆனால் பிறப்பை வைத்தே அவருடைய விசுவாசம் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அங்கே மலாய்க்காரர் அனுபவிப்பதை இங்கே நாம் வேறு விதத்தில் அனுபவிக்கிறோம். 2010 நவம்பரில், அப்போதைய தற்காப்பு அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி, சீனரும் இந்தியரும் இராணுவத்தில் அதிகம் சேராததற்கு நாட்டுப்பற்றுக் குறைவும் ஒரு காரணம் என்று நாடாளுமன்றத்தில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாட்டுப்பற்றா? இந்த நாட்டின் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதி யார்? கே. தனபாலசிங்கம். ஒரு தமிழர். 1967-இல் அவர் பொறுப்பேற்றபோது வயது 31. மே 13 கலவரம் நடந்தபோது கடற்படையின் தலைமையில் இருந்தவர் அவர்தான். அவருக்குப் பின் வந்த தலைமுறையில் நம் பிள்ளைகள் ஏன் சேரவில்லை என்று கேட்டால், நாட்டுப்பற்றை அளப்பதை விட்டுவிட்டு, சேர்ந்த பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள்.

2018 மே மாதம், லுமுட் கடற்படைத் தளத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் சில நாட்களிலேயே இறந்தார். குடும்பம் ஏழு ஆண்டு நீதிமன்றப் படியேறியது. மரண விசாரணை நீதிமன்றம் முடிவு எதுவும் சொல்லாமல் விட்டது. 2025 ஜூலையில்தான் உயர்நீதிமன்றம், அது பிறர் செயலால் விளைந்த மரணம் என்று தீர்ப்பளித்தது. இந்த ஏழு ஆண்டு ஏன்? உள்ளே இருந்து பார்த்தவர்கள் அஞ்சாமல் பேசக்கூடிய ஒரு வழி முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால், ஒரு தாய் இத்தனை காலம் காத்திருந்திருக்க வேண்டுமா?

இங்கேதான் மேஜர் ஜைடியின் வழக்கும் இந்த மரணமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. “இராணுவத்தினர் அரசியல் பேசக் கூடாது” என்ற நியாயமான விதியை நீட்டி நீட்டி, “இராணுவத்தினர் எதையும் பேசக் கூடாது” என்று ஆக்கிவிட்டார்கள். கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு, கண்ணால் கண்ட தவற்றைச் சொல்வது வேறு. முதலாவதைத் தடுங்கள். இரண்டாவதைத் தடுத்தால் அதில் நடுநிலைமை எங்கே இருக்கிறது? தவறு செய்தவன் பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு வாதம் வரும்: புகாரை உள்ளேயே மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாமே, எதற்குப் பத்திரிகைக்குப் போனார் என்று. நல்ல கேள்வி. வாக்களிப்புக்கு ஐந்தே நாள் இருந்தது. மை தேர்தல் ஆணையத்துடையது, விமானப்படையுடையது அல்ல. மேலதிகாரி அதைப் பற்றி என்ன செய்திருக்க முடியும்? போலீஸுக்கும் போனார். சரி, தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்கும் சட்டம் 2010-லிருந்து இருந்ததே என்பார்கள். அமலாக்கத் துறைகளிடம் கொடுத்தால்தான் அந்தப் பாதுகாப்பு, பத்திரிகையிடம் சொன்னால் இல்லை. அது மட்டுமல்ல, வேறொரு சட்டம் தடுக்கும் தகவலைச் சொன்னால் பாதுகாப்புக் கிடையாது என்று அது இயற்றப்பட்டபோதே 6-ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். குடையைக் கொடுத்து, மழையில் விரிக்காதே என்று சொன்ன கதை.

உலகத்தில் வேறு வழியே இல்லையா? ஜெர்மனியைப் பாருங்கள். 1934-இல் அந்நாட்டுச் சிப்பாய்கள் நாட்டுக்கல்ல, ஹிட்லர் என்ற தனி மனிதருக்கே சத்தியம் செய்து கொடுத்தவர்கள். அதன் விளைவு என்னவென்று உலகம் கண்டது. போருக்குப் பிறகு 1955-இல் புதிய இராணுவத்தைத் தொடங்கியபோது, சிப்பாய் என்பவன் “சீருடை அணிந்த குடிமகன்” என்று முடிவு செய்தார்கள். வேலை நேரத்தில் ஒரு கட்சிக்காகப் பேசக் கூடாது. சீருடையோடு அரசியல் கூட்டத்துக்குப் போகக் கூடாது. மேலதிகாரி தனக்குக் கீழே உள்ளவர்களை அரசியல் ரீதியில் வளைக்கக் கூடாது. மற்றபடி அவன் எல்லாரையும் போலக் குடிமகன். கட்சியில் உறுப்பினராகலாம், தேர்தலில்கூட நிற்கலாம். மேலதிகாரி வளைக்கக் கூடாது என்ற விதியைக் கவனியுங்கள். நம் ஊரில் நடுநிலைமைப் பாடம் எப்போதும் கீழே இருப்பவனுக்குத்தான் நடக்கிறது. அங்கே அது மேலே இருப்பவனையும் கட்டுகிறது.

அதைவிட முக்கியமானது, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆயுதப்படை ஆணையர் அங்கே இருக்கிறார். 1959-லிருந்து இந்தப் பதவி இருக்கிறது. சாதாரணச் சிப்பாய்கூட மேலதிகாரி யாரையும் கேட்காமல் அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம். அவர் விசாரிப்பார், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைப்பார். இதனால் ஜெர்மன் இராணுவத்தின் கட்டுப்பாடு ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை.

நம் நாட்டிலும் நடக்காதென்று யாரும் சொல்ல வேண்டாம். மாணவர்கள் அரசியலில் ஈடுபடக் கூடாது என்று எத்தனை ஆண்டு தடுத்தார்கள்! 2010-இல் நம் கமலநாதன் நின்ற உலு சிலாங்கூர் இடைத்தேர்தலுக்குப் போனதற்காக நான்கு பல்கலைக்கழக மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறிவிட்டது. சிப்பாயும் மாணவரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நேற்று அசையாது என்றிருந்த சட்டம் இன்று அசைந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் இந்திய உறுப்பினர்களே, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த பொதுத்தேர்தல் வருமுன் தற்காப்பு அமைச்சரிடம் மூன்று கேள்விகளை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். முகாம் வாக்குகளை ஏன் தனியாக எண்ணி அறிவிக்கிறீர்கள்? தளபதியைத் தாண்டி நாடாளுமன்றத்திடம் ஒரு சிப்பாய் நேரடியாகப் புகார் செய்ய எப்போது வழி செய்வீர்கள்? தேர்தல் முறைகேட்டையோ முகாமில் நடந்த அடிதடியையோ கண்ட சிப்பாய் அதை வெளியே சொன்னால், அவனை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா? அமைச்சரின் பதில் கிடைத்ததும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். ஒரு சொல் விடாமல் இங்கேயே வெளியிடுகிறோம்.